ஐந்து அடி, ஆறு அடி, ஏழு அடி

இந்த நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். அறுபதுகளின் நடுப்பகுதியில், தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் நான் மூத்த அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். வேதியியலில் பட்டம் பெற்று, அதன்மேல் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவன். பன்னிரண்டு ஆண்டுப் பணியில் ஒரு நாளும் முதல் மணி அடித்த பிறகு பள்ளி வாசலைத் தாண்டியவன் அல்லேன். நான் கையொப்பமிட்ட காகிதத்தை அலுவலகத்தில் மறுமுறை சரிபார்க்க மாட்டார்கள். பள்ளியை நடத்திய சபையின் சார்பில் எங்களுக்கெல்லாம் மேலே இருந்த தாளாளர், "அவர் பார்த்துட்டாரா? அப்ப சரி" என்று பிறரிடம் கூறுவதை நானே கேட்டிருக்கிறேன். விடைத்தாளில் எண்ணை மட்டும் எழுதி அலகை எழுதாத மாணவனுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. கிராமா, அங்குலமா, டிகிரியா என்று சொல்லாத எண் வெறும் எண். அதற்குப் பொருள் இல்லை. இந்தக் கண்டிப்பினால் என்னை நேசித்தவர்கள் குறைவு. மதிக்காதவர் ஒருவரும் இல்லை.

மதிப்பு இருந்த இடத்தில் பேச்சு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணமான மூன்றாம் ஆண்டில் மனைவி காலமானார். குழந்தை இல்லை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே போய்ப் பார்க்கவும் யாரும் மிச்சம் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் இரயில் பாதையை ஒட்டிய இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தேன். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்வார்கள். பிறகு அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு தொடராது. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் பேசிய கடைசிச் சொல்லுக்குப் பிறகு, ஞாயிறு காலை ஆராதனையில் பாடுவதற்காகத்தான் வாய் திறந்தேன் என்னும்படியான வாரங்கள் பல உண்டு.

அந்த ஆண்டு பள்ளிக்குப் புதிய சோதனைச்சாலை கட்டினார்கள். வடக்குச் சுவரின் சன்னல்களை ஒட்டி, சுவருக்குச் சுவர் பதினெட்டு அடி நீளத்தில், மாணவர் நின்று சோதனை செய்வதற்கு ஒரே மேசை அமைய வேண்டும் என்பது தாளாளரின் விருப்பம். கல்வித்துறை ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புதல் அளித்தால்தான் அறிவியல் பிரிவுக்கு மேல் வகுப்பு கிடைக்கும். மேசையின் மேற்பலகை கெட்டித் தேக்காக, ஒட்டு இல்லாமல், முழு நீளத்துக்கு ஓடவேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பதினெட்டரை அடி நீளத்தில் மூன்று தேக்குப் பலகைகள் மரவாடியிலிருந்து வந்து இறங்கின. அவற்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் இரண்டேகால் அடி அகலம் வரும். மேற்பார்வை என் பொறுப்பில் விடப்பட்டது.

வேலைக்கு அமர்த்தப்பட்ட ஆசாரி கீழ்க்கட்டளைக்காரர். ஏறத்தாழ என் வயது. பின்னிருக்கையில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். பள்ளிக்குப் பின்புறம் கட்டப்படவிருந்த புதுக் கட்டடத்தின் கதவு, சன்னல் வேலை முழுவதையும் அவருக்கே கொடுப்பதாகத் தாளாளர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். ஆனால் முதலில் இந்த மேசை. இதில் கைத்திறனைப் பார்த்துவிட்டு அதைக் கொடுப்பது என்று ஏற்பாடு.

"மூணு வருச வேலை சார் அது," என்றார் ஆசாரி முதல் நாளே. "கெடச்சா ஒரே எடத்துல குந்திகினு செய்யலாம். முட்டி போச்சு சார் எனக்கு. ஊர் ஊரா இன்னும் எத்தினி நாளு சைக்கிள் மெதிக்கிறது?"

மாலை நாலரை மணிக்கு வகுப்புகள் முடிந்ததும் நான் சோதனைச்சாலைக்குப் போவேன். அவர் வேலையை மேற்பார்ப்பது என் கடமை. கடமைக்குத் தேவையானதைவிட அதிக நேரம் அங்கே இருந்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவர் மேசையின் கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் இழைத்துக்கொண்டே பேசுவார். எல்லாரையும் கேலி செய்வார், என்னையும் விடமாட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்காத."

"கேளுங்க."

"நீ சிரிச்சா பள்ளிக்கோடத்துக்கு லீவு வுட்ருவாங்களா?"

என்னை ஒருமையில் விளித்துப் பேசியவர் அந்தப் பட்டணத்தில் அவர் ஒருவர்தாம். பிறர் அப்படிப் பேசியிருந்தால் நான் பொறுத்திருக்க மாட்டேன். அவர் பேச்சு முழுவதும் அப்படித்தான். 'நீ'யோடு 'சார்' தவறாமல் வரும். நான் சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்து, சானடோரியம் பக்கத்துச் சாலையில் ஆள் இல்லாத இடத்தில் சிரித்தேன்.

அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை, தங்கை வீட்டுத் திருமணத்துக்காகத் திருப்போரூர் போவதாகவும் திங்கள்கிழமை திரும்புவதாகவும் சொல்லிவிட்டு ஆசாரி கிளம்பினார். கருவிப் பையை என்னிடம் ஒப்படைத்தார். "பத்திரம் சார். பெண்டாட்டிய வுட்டுட்டுப் போனாலும் போவேன், இத்த வுட்டுட்டுப் போறதில்ல. உன்னாண்ட சாவி கீதுன்னுதான்." நான் அதைப் பண்டக அறையில் வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை காலை பல்லாவரத்து அறுவை மில்லிலிருந்து மாட்டுவண்டி வந்தது. மூன்று பலகைகளையும் அங்கே கொண்டுபோய் இயந்திரத்தில் இழைத்துத் தருவதாகத் தாளாளர் ஏற்பாடு செய்திருந்தார். எந்த நாள் என்பதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விடுமுறை நாள், பள்ளியில் நான் மட்டும் இருந்தேன். விடுமுறையிலும் நான் பள்ளிக்கு வருவது வழக்கம். வீட்டில் இருந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை.

வண்டிக்காரர் பலகைகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இம்மா நீட்டத்த வண்டில வச்சிகினு மெயின் ரோட்ல போனா போலீஸ்காரன் என்னப் புடிச்சி உள்ள போட்ருவான் சார். முன்னால மாட்டு மூஞ்ச இடிக்கும், பின்னால பஸ்ஸ இடிக்கும்." பிறகு குனிந்து பலகையின் மேலே பார்த்தார். "அட, வெட்றதுக்கு அளவு எழுதிகீதே சார்! அத்த வெட்டிக் குடுத்துட்டா கச்சிதமா ஏத்திகினு போயிடுவேன்."

நானும் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு பலகையின் ஒரு முனைக்கு அருகிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஆசாரி எழுதியிருந்தார். முதலாவதில் '5 அடி'. இரண்டாவதில் '6 அடி'. மூன்றாவதில் '7 அடி'. ஒவ்வொன்றின் பக்கத்திலும் முனையை நோக்கி ஓர் அம்புக்குறி.

நான் அவசரப்பட்டவன் அல்லேன். கால் மணி நேரம் யோசித்தேன். எண் இருந்தது, எண்ணோடு அலகும் இருந்தது. அரசாங்கம் மீட்டருக்கு மாறிய பின்னும் ஆசாரி அடியில்தான் அளந்தார். அம்புக்குறி, எந்த முனையிலிருந்து அளக்க வேண்டும் என்பதைக் காட்டியது. ஒட்டே கூடாது என்று தாளாளர் சொன்னதை ஆசாரி அவரிடம் பேசி மாற்றியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். நீளமான பலகையில் ஒட்டுகள் வருமானால் அவை ஒரே கோட்டில் நிற்கக்கூடாது, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். ஐந்து, ஆறு, ஏழு என்பது அதற்கும் பொருந்தியது. சோதனைச்சாலைக்குப் போகும் நடைபாதையின் திருப்பத்தில் இவ்வளவு நீளப் பலகை திரும்புமா என்று ஆசாரி ஒருமுறை கவலைப்பட்டதும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தும் ஆறும் ஏழும் கூட்டினால் பதினெட்டு. மேசையின் நீளம் பதினெட்டு அடி. இதற்குமேல் சான்று எதற்கு என்று எண்ணினேன். மூன்று வெவ்வேறு பலகைகளில் வெட்டும் அளவுகளைக் கூட்டுவதற்கு எந்தப் பொருளும் இல்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாணவன் அப்படிச் செய்திருந்தால் தாளைத் திருப்பி எறிந்திருப்பேன்.

பண்டக அறையைத் திறந்தேன். நாடாவால் அளந்து, மூலைமட்டம் வைத்து, பென்சிலால் நானே மூன்று கோடுகள் போட்டேன். ஆசாரியின் பையிலிருந்து அவருடைய இரம்பத்தை எடுத்து வண்டிக்காரரிடம் கொடுத்தேன்.

"அறுத்துடட்டா சார்? சொல்லிட்டன்னா அப்பால ஒட்டாது."

"அறுங்க," என்றேன்.

மூன்று பலகைகள் ஆறு துண்டுகளாக வண்டியில் ஏறின. செவ்வாய்க்கிழமை, கண்ணாடி போல இழைபட்டு, ஆறாகவே திரும்பி வந்தன.

அன்று மதியம் உணவு இடைவேளையில் நான் சோதனைச்சாலைக்குப் போனபோது ஆசாரி துண்டுகளின் எதிரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு துண்டின் வெட்டுவாயைக் கட்டை விரலால் தடவினார்.

"யாரு சார் அறுத்தது?"

"நான்தான் அறுக்கச் சொன்னேன். நீங்க எழுதி வச்ச அளவுப்படி."

"அளவா? நான் எங்க சார் அளவு எழுதுனேன்?"

"ஐந்து அடி, ஆறு அடி, ஏழு அடி."

அவர் என்னையே பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அடின்னா வேர்ப்பக்கம் சார். அடி மரம். மரத்துக்கு அடி கீது, நுனி கீது. அத்த பாத்து அடியெல்லாம் ஒரு பக்கமா, நுனியெல்லாம் ஒரு பக்கமா போட்டாத்தான் பலகை ஒண்ணுக்கொண்ணு மொறச்சிக்காம நிக்கும். மொத நாலு நம்பரு அதோ அந்தச் சட்டத்துக்குப் போட்டேன். அஞ்சு, ஆறு, ஏழு இதுக்குப் போட்டேன். அஞ்சாம் நம்பரு பலகை, அடி இந்தப் பக்கம். அவ்ளோதான் சார். அளவா இருந்தா கோடு போட்டிருக்க மாட்டேனா?"

தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த சட்டங்களைப் போய்ப் பார்த்தேன். '1 அடி', '2 அடி', '3 அடி', '4 அடி' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு சட்டமும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. சனிக்கிழமை பத்துத் தப்படி நடந்து இதைப் பார்த்திருந்தால் போதும்.

நான் திரும்பி உள்ளே வருவதற்குள் தாளாளர் மற்றொரு வாசல் வழியாக வந்துவிட்டார். இழைத்த பலகையைக் காண ஆவலோடு வந்தவர். ஆறு துண்டுகளைப் பார்த்தார். தரையில் திறந்து கிடந்த கருவிப் பையையும், பல்லில் தேக்குத் தூள் ஒட்டியிருந்த இரம்பத்தையும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"என்னப்பா இது? பதினெட்டு அடி, ஒட்டே வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒரு அளவு பாத்து அறுக்கத் தெரியாதா உனக்கு?"

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய இடம் அது. ஒரே வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் நாக்கில் இருந்தது. தாளாளரும் என் பக்கம் திரும்பி, "நீங்க கூட இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது சார்," என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை.

"சேத்துர்லாம் சாமி," என்றார் ஆசாரி, அவரைப் பார்க்காமல். "ஒட்டு தெரியாம சேத்துத் தர்றேன்."

"தெரிஞ்சா கதவு ஜன்னல் வேலையை மறந்துடு," என்று சொல்லிவிட்டுத் தாளாளர் போனார்.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். "நான் அவரிடம் சொல்லிவிடுகிறேன்," என்றேன்.

"சொல்லு சார். கோவத்துல கீறாரு, இப்போ சொல்லாத. ரெண்டு நாளு போவட்டும்." இரம்பத்தை எடுத்துத் துணியால் துடைத்துப் பையில் வைத்தார். "நீ சொல்லுவ. எனக்குத் தெரியும்."

இரண்டு நாள் போயிற்று. வாரம் போயிற்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இன்று சொல்வது என்று முடிவெடுத்தேன். தாளாளர் அறையின் வாசல் வரை இருமுறை போய், வேறு ஏதோ ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

சேர்ப்பு வேலை அதற்குள் தொடங்கியிருந்தது. வெட்டுவாயோடு வெட்டுவாயை நேராக முட்டவைத்து ஒட்டினால் நிற்காது. மரத்தின் குறுக்கு வெட்டு பசையைக் குடித்துவிடும். அதனால் ஒவ்வொரு வாயையும் பத்து அங்குல நீளத்துக்குச் சரிவாகச் சீவி, ஒரு சரிவின் மேல் மற்றதைப் படுக்கவைத்து ஒட்ட வேண்டும். இரண்டு சரிவுகளும் ஒன்றாகப் படிய, இடையே ஒரு மயிரிழை வெளிச்சமும் வரக்கூடாது. அவர் சீவுவார், சேர்த்துவைத்து சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார், மறுபடி ஒரே ஒரு சுருள் எடுப்பார். பல்லாவரத்துக் குன்றுகளில் மதியம் பாறைக்கு வெடி வைக்கும்போது அலமாரியில் குடுவைகள் ஒன்றையொன்று தொட்டு ஒலிக்கும். அந்த ஒலி அடங்கும் வரை உளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். முன்பு வெடிச் சத்தம் கேட்டால் "மாமியார் வூட்ல தாளிக்கிறாங்கோ" என்பார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

சரிவில் பத்து அங்குலம் போனதால் பதினெட்டரை அடிப் பலகை, வேண்டிய பதினெட்டு அடிக்கு நாலு அங்குலம் குறைந்தது. இரு முனைகளிலும் குறுக்காக இரண்டு அங்குலச் சட்டம் கொடுத்து அதை ஈடுகட்டினார். மற்றொரு சிக்கல் இருந்தது. நான் அறுக்க வைத்த இடங்கள் ஓர் அடி இடைவெளியில் அடுத்தடுத்து இருந்தன. மூன்று ஒட்டுகளும் ஒரே பக்கமாகக் குவிந்தன. நடுப் பலகையைத் திருப்பிப் போட்டால் அதன் ஒட்டு மறுபக்கம் போய்விடும், பாரம் பரவும் என்றேன். கணக்குப்படி அது சரி.

"அது மட்டும் கேக்காத சார்," என்றார். "அடியையும் நுனியையும் மாத்திப் போட்டு எங்க ஆளுங்க யாரும் பண்ணதில்ல. வோணும்னா அந்த எடத்துல இன்னொரு சோடி காலு குடுக்கறேன்." கொடுத்தார். மேசைக்கு நான்கு சோடிக் கால்கள் சம இடைவெளியில் இருந்தன. ஐந்தாவது சோடி மட்டும் ஒட்டுகளுக்கு நேர்கீழே, இரண்டு சோடிகளுக்கு நடுவில், ஒழுங்கில்லாமல் நின்றது.

பசையைப் பற்றி மட்டும் நான் சொன்னது நடந்தது. ஆசாரிகள் வழக்கமாகக் காய்ச்சும் வஜ்ஜிரம் தண்ணீர் பட்டால் இளகிவிடும். சோதனைச்சாலை மேசையில் நாள் முழுவதும் தண்ணீர் சிந்தும். பாரிமுனையில் ஓர் இரசாயனக் கடையில் தூளாக விற்ற பிசின் பசையை வாங்கி வந்து, நவச்சாரம் சேர்த்துக் குழைத்தேன். அறை முழுவதும் நெடி ஏறியது.

"இது ஒட்றதுக்கா சார், எலி சாவறதுக்கா? நாத்தம் பேஜாரா கீது," என்றார் ஆசாரி. பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி. நான் சிரித்துவிட்டேன். அவர் தலை நிமிர்ந்து பார்த்தார், கூடச் சிரிக்கவில்லை.

அந்தப் பசை அரை மணிக்குள் இறுகிவிடும். அதற்குள் பதினெட்டு அடி நெடுகிலும் ஆப்பு வைத்து இறுக்க இரண்டு ஆள் வேண்டும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நான் ஒரு முனையில் நின்றேன். அவர் "தட்டு" என்றால் நான் ஆப்பைத் தட்டுவேன். "போதும்" என்றால் நிறுத்துவேன். இரண்டு சொற்களைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. வெளியே ஐப்பசி மழை. மூன்று மாலைகள் அப்படிச் செய்தோம். அந்த மூன்று மாலைகளில் யாரோ ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறோம் என்ற உணர்வு எனக்கு இருந்தது. அதை அனுபவிக்கும் உரிமை எனக்கு இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் ஆப்புகளைக் கழற்றி, மேலே இழைத்து, எண்ணெய் பூசியபோது ஒட்டு எங்கே என்று கண்ணால் காண முடியவில்லை. சரிவின் ஓரத்தில் இழை சற்றே திசை மாறுவதை விரல் நுனி மட்டும் அறியும்.

"இப்போ சொல்லிடு சார்," என்றார். "நல்லா வந்துடுச்சு. கோவிக்க மாட்டாரு."

"சொல்கிறேன்," என்றேன்.

ஆய்வாளர் வந்த நாளில் தாளாளரும் நானும் அவரைச் சோதனைச்சாலைக்கு அழைத்துப் போனோம். ஆசாரி சன்னல் கொக்கி ஒன்றைச் சரிசெய்ய வந்து அங்கேயே நின்றிருந்தார். ஆய்வாளர் மேசையின் நீளம் முழுவதும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். "ஒரே பலகையா? இந்த நீளத்துக்கு இப்பல்லாம் கிடைக்கிறதே அபூர்வமாச்சே," என்றார். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "இந்த இடத்துல மட்டும் ஏன் கூட ஒரு சோடி கால்?" என்று கேட்டார்.

தாளாளர் நல்ல மனிதர். பொய் சொல்ல விரும்பாதவர். அதனால் சிரித்துக்கொண்டே விளக்கினார்: "அதையேன் கேக்கறீங்க. ஆசாரி அளவு தெரியாம எல்லாத்தையும் துண்டு துண்டா அறுத்துட்டான். நம்ம சயன்ஸ் மாஸ்டர்தான் தலையிட்டு, புதுசா ஏதோ பசை கண்டுபிடிச்சு, பக்கத்துலயே நின்னு சேர்க்க வச்சார். இல்லேன்னா மேசையே கிடையாது. அப்படித்தானே சார்?"

சன்னலில் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. ஆசாரி திரும்பவில்லை, முதுகைக் காட்டியபடியே காத்திருந்தார். அறையில் நால்வர் இருந்தோம். உண்மை தெரிந்தவர் இருவர்.

"மேசை இப்போது உறுதியாக இருக்கிறது," என்றேன் நான்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆய்வாளர் தலையசைத்துக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். கொக்கி திருகும் ஓசை மறுபடி கேட்டது. நாங்கள் அடுத்த அறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஆசாரியும் அவருடைய பையும் இல்லை. கொக்கி சரியாக இருந்தது.

ஒப்புதல் கிடைத்தது. மேல் வகுப்பும் வந்தது. புதுக் கட்டடத்துக் கதவு, சன்னல் வேலை நகரத்திலிருந்து வந்த ஓர் ஒப்பந்தக்காரருக்குப் போயிற்று. அதை அறிந்ததும் தாளாளரிடம் போனேன். இந்த முறை அறைக்குள் நுழைந்து எதிரில் உட்கார்ந்தும் விட்டேன்.

"ஆசாரிக்குக் கொடுப்பதாகச் சொன்னீர்களே?" என்று கேட்டேன்.

"நீங்க பெரிய மனசு பண்ணிப் பேசறீங்க. மேசையில பட்டது போதும் சார்," என்றார். "நாற்பது கதவுக்கும் நீங்க போய் நிக்க முடியுமா?"

அவர் என்னிடம் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு விடை என்னிடம் இருந்தது. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கீழ்க்கட்டளைக்குப் போனேன். ஏரிக்கரைத் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்து இழைப்புளியின் ஓசை வந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்த அவர் மனைவியிடம் நான் யார் என்பதைச் சொன்னேன்.

"பள்ளிக்கோடத்து சாரா?" என்று அந்த அம்மாள் சற்றுக் குரலை உயர்த்திக் கேட்டார்.

இழைப்புளி நின்றது.

"அவுரு வூட்ல இல்லீங்க. வெளிய போய்க்கிறாரு."

"எப்போது வருவார்?"

"தெரியாதுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

கொடுத்தார், குடித்தேன். முடிந்த மட்டும் மெதுவாகக் குடித்தேன். பின்னாலிருந்து எந்த ஓசையும் இல்லை. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். தெரு முனையை அடைந்தபோது இழைக்கும் ஓசை மறுபடி தொடங்கியது.

அதன் பிறகு அவரை நான் காணவில்லை. கொஞ்ச காலம் மேடவாக்கம் சாலையில் சைக்கிளில் யார் போனாலும் பின்னிருக்கையில் பை இருக்கிறதா என்று பார்த்தேன். அடுத்த பத்தாண்டுகளுக்கு மேலாக அந்த மேசைக்கு எதிரில் நின்று பாடம் நடத்தினேன். அமிலம் சிந்தியது, விளக்குகளின் சூடு பட்டது, தண்ணீர் நாள்தோறும் ஓடியது. ஓர் ஒட்டும் விடவில்லை. மாலையில் மாணவர்கள் போனபின், குடுவைகளைக் கவிழ்த்துவிட்டு, விளக்குப் போடாமல் அங்கே உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போனாலும் உட்காரத்தான் போகிறேன். தாம்பரத்திலிருந்து புறப்படும் மின்சார இரயிலின் ஓசை இரண்டு மூன்று முறை போன பிறகு எழுவேன். யாரும் வந்து பேசியதில்லை. ஒப்புதல் பெற்றுத் தந்தவர் என்று என் மரியாதை கூடியிருந்தது. கூடின மரியாதையால் இன்னும் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

தாளாளர் காலமானார். எழுபதுகளின் இறுதியில் நான் ஓய்வு பெற்றேன். விடைபெறு விழாவில் என்னோடு பணியாற்றிய இளைய ஆசிரியர் ஒருவர் அந்த மேசையின் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். குடித்துவிட்டு வந்த ஓர் ஆசாரி பதினெட்டு அடிப் பலகைகளைத் தாறுமாறாக அறுத்துவிட்டதாகவும், அறிவியல் ஆசிரியர் கணக்குப் போட்டு அவற்றைச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்ததாகவும் அவர் சொன்னார். ஆண்டுகள் போகப் போக ஆசாரிக்குக் குடியும் சேர்ந்துகொண்டது. மாலையும் சால்வையுமாக மேடையில் இருந்த நான் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் அதே கதை பள்ளியின் மலரிலும் அச்சாயிற்று. ஒரு பிரதியை என் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

அச்சானது தவறு. அன்று ஆசாரி ஊரில் இல்லை. பலகையை அளந்து கோடு போட்டவனும், இரம்பத்தை எடுத்துக் கொடுத்து அறுக்கச் சொன்னவனும் நான். சேர்க்கும் முறை அவருடையது. பசைத் தூள் மட்டும் நான் வாங்கி வந்தது. அவர் குடித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.